பெட்டி வைக்க ஓர் ஊர்

என் சகலை ராஜமாணிக்கத்தின் மேல் எனக்குப் பொறாமை என்று போளூரிலிருந்து விழுப்புரம் வரை ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். அவனுக்கு அரிசி மில் இருந்தது, இருக்கட்டும். மாடி வீடு இருந்தது, இருக்கட்டும். வெள்ளை அம்பாசடர் கார் இருந்தது, அதுவும் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் கார் எங்கள் தெருவுக்குள் நுழையும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும் என்பது உண்மை. அது புளிச்ச ஏப்பம். கார் திரும்பிப் போனதும் தானாகச் சரியாகிவிடும். ஏப்பத்தில் அப்படியும் ஒரு வகை இருக்கிறது.

எனக்கு இருந்தது திருவண்ணாமலை ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு வாடகை சைக்கிள் கடை. கடைக்குப் பின்னாலேயே வீடு. நானும் ராஜமாணிக்கமும் அக்கா தங்கையைக் கட்டியவர்கள். அக்கா தனம் என் வீட்டில், தங்கை பொன்னி அவன் வீட்டில். இரண்டு பேருக்கும் ஒரே அண்ணன், அப்பாதுரை. குண்டக்கல் பக்கம் கூட்ஸ் வண்டியில் கார்டு உத்தியோகம்.

அப்பாதுரை மச்சானுக்கு ரயிலைத் தவிர வேறு எதுவும் ஒத்துக்கொள்ளாது. பெட்ரோல் வாசனை பட்டால் குடல் வாய்க்கு வந்துவிடும். என் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக் காரில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். மண்டபத்து வாசலில் நான் இறங்கினபோது என் பட்டு வேட்டியைப் பார்த்து மேளக்காரன் வாசிப்பதை நிறுத்திவிட்டான். அன்று வெட்கப்பட்டு ஓடின மனுஷன், அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவே இல்லை. பொன்னி கல்யாணத்துக்கு மட்டும் ரயிலில் வந்து, போளூரில் தங்கி, மறுவீட்டு விருந்தெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

தனத்துக்கு அது ஆறாத குறை. "எங்கண்ணன் என் கையால ஒரு வேளை சாப்ட்டதில்ல. அவ கையால மட்டும் சாப்ட்டுக்கிறாரு" என்று பண்டிகை தவறாமல் சொல்வாள். வடை சுடும்போது சொல்வாள். அதனால் எங்கள் வீட்டு வடையில் எப்போதும் உப்பு கொஞ்சம் ஜாஸ்தி.

எழுபத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில் மச்சானிடமிருந்து ஒரு கடுதாசி வந்தது. அதே கடுதாசி போளூருக்கும் போயிருந்தது. மனைவி தவறின பிறகு அவர் லீவே எடுத்ததில்லை. இப்போது சேர்த்து வைத்து எடுக்கிறார். "வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கடைசிப் பெட்டியில் நின்றுகொண்டு, பின்னால் போகிற ஊர்களையே பார்த்துவிட்டேன். இந்த லீவில் முன்பெட்டியில் உட்கார்ந்து, எதிரே வருகிற ஊர்களைப் பார்க்கப் போகிறேன். ரயில் நிற்கிற சின்ன ஊராகப் பார்த்துப் பெட்டியை வைத்துவிட்டு, காலையில் வண்டி ஏறி, சாயங்காலம் திரும்புவதாக உத்தேசம். கார் என்பது கண்ணில் படக்கூடாது. போளூரா, திருவண்ணாமலையா என்று நேரில் பார்த்து முடிவு செய்கிறேன்."

தனம் அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள்.

"பெட்டி இங்கதான் எறங்கணும்" என்றாள். "போளூர்ல எறங்குச்சோ, நான் பொன்னி மூஞ்சில முழிக்க மாட்டேன். உங்க மூஞ்சிலயும் முழிக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் ஒரு சட்டம் உண்டு. வந்தவர் எந்த வீட்டில் பெட்டியை இறக்குகிறாரோ, அந்த வீட்டு விருந்தாளி. ஹைகோர்ட்டுக்குப் போனாலும் மாற்ற முடியாது. பெட்டி இருக்கிற இடத்தில் ஆளும் இருப்பான் என்பது யாரும் சொல்லித் தரவேண்டாத விஷயம். தனமும் அப்படித்தான் நினைத்தாள், பொன்னியும் அப்படித்தான் நினைத்தாள். நானும் ராஜமாணிக்கமும் நினைப்பதற்கு முன்பே நம்பிவிட்டோம்.

குண்டக்கல்லிலிருந்து காட்பாடி வழியாக வந்தால் முதலில் போளூர், அப்புறம்தான் திருவண்ணாமலை. இந்த லைனைப் போட்ட வெள்ளைக்காரனுக்கும் என்மேல் ஏதோ இருந்திருக்கிறது. சரி, மச்சானை வரவேற்கிற சாக்கில் நானும் காலை வண்டியில் போளூருக்குப் போய்விட்டேன்.

மில் வீட்டு வாசலில் கார் இல்லை. "கார் எங்க சகலை?" என்றேன்.

"எந்தக் காரு?" என்றான் ராஜமாணிக்கம், கண் இமைக்காமல்.

கொல்லையில் புதிதாக ஒரு வைக்கோல் போர். வைக்கோல் போர் என்றால் உருண்டையாக இருக்கும். இது முன்னால் கொஞ்சம் தாழ்வு, நடுவில் உயரம், பின்னால் மறுபடியும் தாழ்வு. அவனிடம் இருந்ததோ ஒரே ஒரு பசு.

"ஒரு மாட்டுக்கு இத்தினி வைக்கோலா?"

"நல்லா சாப்பிடும், அண்ணே."

மச்சான் வந்தார். இளைத்திருந்தார், மீசை நரைத்திருந்தது. பொன்னி நாற்காலியைக் கொல்லைப் பக்கம் நிழலில் போட்டுக் காபி கொண்டுவந்து கொடுத்தாள். ராஜமாணிக்கம் பக்கத்தில் நின்று ஊரின் பெருமையை எடுத்துவிட்டான். "நம்ம போளூர்ல காரே கெடையாது மச்சான். கார்னா இன்னான்னு கேப்பானுங்க. கொயந்தைங்களுக்குப் படத்துல காட்டிதான் சொல்லித் தரணும்."

இதற்கிடையில் பசுவின் கயிறு அவிழ்ந்திருந்தது. கயிறு என்று இருந்தால் அவிழத்தான் செய்யும். நான் அந்தப் பக்கமாகக் கை கழுவத்தான் போயிருந்தேன்.

பசு போரை மேய ஆரம்பித்தது. ராஜமாணிக்கம் சொன்னது உண்மைதான், நல்ல சாப்பாடு. கொஞ்ச நேரத்தில் வைக்கோலுக்குள்ளிருந்து ஒரு கண் திறந்தது. கண்ணாடிக் கண். மச்சான் காபி டம்ளரோடு அதையே பார்த்தார். இன்னொரு கண்ணும் திறந்தது. பசு அடுத்து பக்கவாட்டில் போய், ஜன்னல் வழியாகத் தலையை விட்டு உள்ளே விழுந்த வைக்கோலைத் தேடியது. வைக்கோல் போர் 'பாம்' என்று ஹாரன் அடித்தது.

மச்சான் காபியைக் கீழே வைத்து மூக்கைப் பொத்திக்கொண்டார். "மாப்ள," என்றார் என்னைப் பார்த்து, "அடுத்த வண்டி எப்போ?"

ஜெயித்தவன் பேசக்கூடாது. ராஜமாணிக்கத்தின் முகத்தை மட்டும் போகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முழுக்க எனக்கு ஏப்பமே வரவில்லை.

திருவண்ணாமலை ஸ்டேஷனில் ஹபீப் முகம்மதுவின் ஜட்கா வண்டி நின்றது. முன்பே சொல்லி வைத்திருந்தேன். "ஏறுங்க சார்" என்றார் ஹபீப் பாய். "நம்ம வண்டிக்குப் பெட்ரோல் கெடையாது, கொள்ளுதான். வாசனை வந்துச்சுன்னா அது வேற வாசனை."

ஏறுவதற்கு முன்னால் மச்சானை பிளாட்பாரத்தில் நிறுத்தி, இஞ்சின் தண்ணீர் பிடிப்பதைக் காட்டினேன். "போளூர்ல வண்டி நிக்கறது டிரைவர் வெத்தலை துப்பறதுக்கு. இங்க நிக்கறது இஞ்சின் தண்ணி குடிக்கறதுக்கு. மரியாதையே வேற, மச்சான்." ரயில்காரர் அல்லவா, ஒப்புக்கொண்டு தலையை ஆட்டினார். மலையைக் காட்டினேன். ஆசிரமத்துப் பக்கமிருந்து வெறுங்காலோடு நடந்து வந்த வெள்ளைக்காரர் ஒருவரைக் காட்டி, "கார்ல பொறந்து கார்ல வளந்தவங்களே இந்த ஊருக்கு வந்தா செருப்பைக்கூட விட்டுட்றாங்க" என்றேன்.

அந்த நேரம் பார்த்து பஸ் ஸ்டாண்டு பக்கமிருந்து பெரிய ஹாரன் ஒன்று கேட்டது. மச்சான் திடுக்கிட்டார்.

"அது கோயில் யானை" என்றேன். "மழைக்காலம், சளி பிடிச்சிருக்கு."

"ரொம்ப ஜாஸ்தி, பாவம்" என்றார் ஹபீப் பாய், குதிரையைத் தட்டிக்கொண்டே. "நேத்து கஷாயம் குடுத்தாங்க."

பெட்டி எங்கள் வீட்டில் இறங்கியது. பச்சைப் பெயிண்ட் அடித்த டிரங்குப் பெட்டி. தனம் அதற்கு ஆரத்தி எடுக்காததுதான் குறை. புடவைத் தலைப்பால் துடைத்து, கூடத்தில் வருகிறவர் கண்ணில் படும்படி வைத்தாள். போளூருக்குப் பால்காரன், தயிர்க்காரி, டிக்கெட் பரிசோதகர் என்று கிடைத்தவர் எல்லோரிடமும் நான் சொல்லியனுப்பினேன். தகவல் போய்ச் சேராமல் இருந்துவிடக் கூடாதே.

மறுநாள் காலையில் மச்சான் வேலூர்க் கோட்டையைப் பார்ப்பதற்காக வண்டி ஏறினார். முன்பெட்டி, ஜன்னலோரம். தனம் அன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பகலிலேயே அம்மியில் உட்கார்ந்துவிட்டாள். சாயங்காலம் மச்சான் வந்தார். வாசலிலேயே பெரிய ஏப்பம் ஒன்று விட்டார். என்னுடையதைப் போல இல்லை, நிம்மதியான ஏப்பம்.

"தனம், வயிறு கல்லு மாதிரி இருக்கும்மா. ஒரு டம்ளர் மோர் குடு, போதும்."

"கோட்டை எப்படி இருந்துச்சுண்ணா?"

"கோட்டைக்கு எங்க போனேன்? போளூர்ல வண்டி நின்னுச்சு. பிளாட்பாரத்துல பொன்னி, டிபன் கேரியரும் தலைவாழை எலையுமா நிக்கறா. நாட்டுக்கோழிக் குழம்பு. அத்த வெச்சுக்கினு வண்டியில எப்படி சாப்பிட்றது? ஒரு வாய் சாப்ட்டுட்டு ஏறலாம்னு எறங்கினேன். வண்டி போயிடுச்சு."

பொன்னி சின்னப் பெண் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ரயிலில் உட்கார்ந்தபடி சாப்பிடக்கூடிய பொருள் ஒன்றுகூட அந்தக் கேரியரில் இல்லை. ரசத்தைக்கூடத் தனியாக வைத்திருக்கிறாள். மில் வீட்டுப் பக்கம் அண்ணன் தலைகாட்ட மாட்டார் என்று தெரியும். அதனால் ஸ்டேஷனுக்கு எதிரிலிருந்த புங்க மரத்தடியில் ராஜமாணிக்கமே நாற்காலி தூக்கிக்கொண்டு வந்து போட்டானாம். சாப்பிட்டவரை மதியத்துக்குமேல் தூங்க விட்டு, சாயங்கால வண்டியில் ஏற்றியனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் வெண்டைக்காய்ப் புளிக்குழம்பும் வஞ்சிர மீனும். அதற்கு அடுத்த நாள் மட்டன். வேலூர்க் கோட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. மச்சான் அதைப் பார்க்கவே இல்லை. எங்கள் வீட்டில் காலையில் ஒரு காபி, ரயில்காரர்களுக்கு அதுதான் பழக்கமாம். இரவில் ஒரு டம்ளர் மோர். மீதி நேரம் குறட்டை.

தனம் ஒருநாள் பெட்டியின் எதிரில் உட்கார்ந்துவிட்டாள்.

"பெட்டிக்கா நான் சோறு போட்றது?" என்றாள். "ஜெயிச்சுட்டேன் ஜெயிச்சுட்டேன்னு ஊரெல்லாம் சொன்னீங்களே, இன்னா ஜெயிச்சீங்க? ஆள் அங்க, பெட்டி இங்க. துணி தோய்க்கறது நான், விருந்து போட்றது அவ."

எனக்கு நெஞ்சு எரிந்தது. இந்தத் தடவை தெருவில் கார் எதுவும் வரவில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலையில் மச்சானிடம், இஞ்சினுக்குக் காய்ச்சல், வண்டி வராது என்றேன். "காய்ச்சல் இல்லாம இஞ்சின் எப்படி ஓடும் மாப்ள?" என்று சிரித்துக்கொண்டே துண்டை உதறிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். அன்று சாயங்காலமே வேறு வழி யோசித்து, ஹபீப் பாயிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டேன். மறுநாள் காலையில் மச்சானிடம் சொன்னேன். "வடக்கே என்னா இருக்குது மச்சான், வெறும் வெயிலு. தெக்கே போங்க. திருக்கோவிலூர்ல ஆத்துல தண்ணி போவுதாம்." தெற்கே பொன்னியும் இல்லை, புங்க மரமும் இல்லை. பசியோடு திரும்பி வருவார், நேராக இலையில் உட்கார வைத்துவிடலாம். மச்சானும் சரியென்று தெற்கே போகிற வண்டியில் ஏறினார். தனம் கத்திரிக்காயை அரிந்துவைத்துவிட்டு வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்தாள்.

சாயங்காலம் அதே ஏப்பம்.

"ஆறு நல்லா இருந்துச்சு" என்றார் மச்சான். "வண்டியில ஏறி உக்காந்தா, எதிர் சீட்ல பொன்னி. மடியில கேரியரு. போளூர்லயே ஏறிட்டாளாம். ஆத்து மணல்ல உக்காந்து சாப்ட்டோம்."

எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்கிறாள். பிளாட்பாரத்துக்கு எதிர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். யாரோ சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும். ஹபீப் பாயைக் கேட்டேன். "நான் குதிரைகிட்டதான் சொன்னேன், அர்ஜுனண்ணே" என்றார்.

அதற்குமேல் மனுஷ முயற்சியால் ஆவது ஒன்றுமில்லை என்று மலையைச் சுற்றிவிட்டு வந்தேன். வேண்டுதல் எல்லாம் இல்லை. போகிற வழியில், ரயில் லைனுக்கு மழை கம்மியாக இருக்கிறது என்று ஒரு தகவலாகச் சொன்னேன். அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டது. எங்கள் ஊரில் அப்படி ஒரு மழையை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை, பின்னால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள். என் கடைச் சைக்கிள்கள் தாமாகவே ராஜகோபுரம் வரை மிதந்துபோய், வாடகை நேரம் முடிந்ததும் திரும்பி வந்தன. துரிஞ்சாபுரம் தாண்டித் தண்டவாளத்துக்கு அடியில் மண்ணை அரித்துவிட்டது. வண்டி கிடையாது. மச்சான் துண்டைப் போட்டுக்கொண்டு ஸ்டேஷன் வரைக்கும் போய், கேட்டுக்கொண்டு, நனைந்து திரும்பி வந்தார்.

தனம் அடுப்பை மூட்டினாள். கோழி இல்லை, மீன் இல்லை. சந்தையும் கூடவில்லை. கேழ்வரகுக் களி கிளறினாள். கருவாட்டுக் குழம்பு வைத்தாள். எங்கள் கூரையிலிருந்து ஒழுகின இடமெல்லாம் பாத்திரம் வைத்திருந்ததால், குழம்புக்குச் சட்டி தேட வேண்டியிருந்தது. மச்சான் பசியோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பசியைப் பார்க்க எனக்கு எவ்வளவு சந்தோஷம்!

களி உருண்டையை இலையில் வைத்து, நடுவில் குழி பண்ணிக் குழம்பை ஊற்றினாள். மச்சான் கையை வைத்தார். தெருவில் ஹாரன் சத்தம்.

"யானைக்கு இன்னும் சளி விடலையா?" என்றார் மச்சான்.

வெள்ளை அம்பாசடர், சகதி பூசி, பழுப்பு அம்பாசடராக வந்து நின்றது. பொன்னி கேரியரோடு மழையில் இறங்கி ஓடி வந்தாள். பின்னால் ராஜமாணிக்கம், முழங்கால் வரை சேறு.

"அண்ணா, வண்டி இல்லன்னாங்க. பட்டினி கெடப்பியேன்னு..."

"ஏன்டி," என்றாள் தனம், கையில் கரண்டியோடு, "நான் என்ன மண்ணையா போட்றேன்?"

நான் மச்சானைப் பார்த்தேன். பெட்ரோல் வாசனைக்கு இந்நேரம் அவர் கொல்லைக்கு ஓடியிருக்க வேண்டும். ஆனால் கருவாட்டு வாசனையைத் தாண்டிக்கொண்டு எந்தப் பெட்ரோலாலும் உள்ளே வர முடியவில்லை. அவர் பாட்டுக்குக் களியை உருட்டி விழுங்கிக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காரமாகவும் இருக்கலாம்.

"அம்மா வெச்ச மாதிரியே இருக்குது, தனம்" என்றார்.

பொன்னி இலையைப் பார்த்தாள். சட்டியைப் பார்த்தாள். கேரியரைத் தரையில் வைத்துவிட்டு, அண்ணன் பக்கத்தில் ஈரப் புடவையோடு சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

"எனக்கும் ஒரு உருண்டை போடுக்கா."

"உங்க வீட்ல இல்லாத சோறா?"

"அரிசி மில்லு வச்சிருக்கறவங்க வீட்ல களி கெளறுனா ஊர் சிரிக்குமாம். மாமியார் கேவுரை உள்ள விடமாட்டாங்க. கட்டிக்கினு போனதுலேர்ந்து நான் கண்ல பாக்கல. நீ மட்டும் தெனம் திங்கற." கடைசி வார்த்தையில் இருந்த எரிச்சல் எனக்கு நன்றாகப் பழக்கமான சரக்கு.

தனம் அவளையே கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் பெரிய உருண்டையாகவே வைத்தாள். தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டாள். சின்ன வயதில் யார் சட்டியை வழித்தது, யார் அடி வாங்கினது என்று மச்சான் ஆரம்பித்தார். மூன்று பேரும் சிரித்தார்கள். தனம் வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

நானும் ராஜமாணிக்கமும் நிலைப்படி ஓரமாக நின்றுகொண்டிருந்தோம். யாராவது எங்களைக் கூப்பிடுவார்கள் என்று இரண்டு பேருமே கொஞ்ச நேரம் எதிர்பார்த்தோம். நான் தொண்டையைக் கனைத்துப் பார்த்தேன். ராஜமாணிக்கம் தும்மிப் பார்த்தான். கடைசியில் கேரியரை எடுத்துக்கொண்டு முன்பக்கம் சைக்கிள் கடைக்கு வந்து, அடுக்கிப் போட்ட பழைய டயர்களின் மேல் உட்கார்ந்தோம். சாதம் ஆறிப்போயிருந்தது. கோழி நன்றாகவே இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

உள்ளேயிருந்து மறுபடியும் சிரிப்பு.

"என்கிட்ட அவ இப்படி சிரிச்சதே இல்ல, அண்ணே" என்றான் ராஜமாணிக்கம், எலும்பைப் பார்த்துக்கொண்டே. "மாடி கட்டினேன். கார் வாங்கினேன். ஒரு களி உருண்டைக்கு எப்படி சிரிக்கறா பாருங்க."

"இவளும்தான். இத்தினி வருஷமா வடைக்கு உப்புப் போட்டுக்கினே குடும்பம் நடத்தறா."

"அவருக்கு லீவு இன்னும் இருக்குதா?"

"இருக்குது. பாதிகூட ஆவல."

ராஜமாணிக்கம் யோசித்தான். "பெட்டி உங்ககிட்டயே இருக்கட்டும் அண்ணே. பெரியவங்க நீங்க. அதான் மொறை."

"சேச்சே. பெட்டியை ஒரு தடவை எறக்கினா எறக்கினதுதானா? நீ வேணும்னா இப்பவே கார்ல தூக்கிக்கினு போ. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன்."

"எங்க ஊரு சின்ன ஊரு, அண்ணே. உங்க ஊர்ல மலை இருக்குது, யானை இருக்குது..."

இப்படி ஒருவரையொருவர் பெருந்தன்மையில் தோற்கடித்துக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து மச்சானின் குரல் கேட்டது. லீவை இன்னும் ஒரு மாசம் நீட்டித்து எழுதிப் போடலாமா என்று தங்கைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு தங்கைகளும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள். அவர்கள் ஒரே குரலில் எதையும் சொல்லி நான் கேட்டதில்லை.

ராஜமாணிக்கம் எழுந்தான். நானும் எழுந்தேன். ஒரே குடைக்குள் இரண்டு பேரும் ஒண்டிக்கொண்டு, சகதியை மிதித்து ஸ்டேஷனுக்குப் போனோம். ஸ்டேஷன் மாஸ்டர் தந்தி மேஜைக்குப் பின்னால் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"குண்டக்கல் பக்கம் போற வண்டி எப்ப சார் ஓடும்?" என்று கேட்டேன்.

"லைன் சரியாகணும். யாரு, கார்டு அப்பாதுரை சாருக்கா? உடனே டூட்டிக்குத் திரும்பணுமாமா?"

"அவருக்கு ஒண்ணும் அவசரமில்ல சார்" என்றான் ராஜமாணிக்கம். "எங்களுக்குத்தான்."